கச்சிராயபாளையத்து ரூபாயும் சென்னை ரூபாயும்

மலருக்குக் கட்டுரை கேட்டு மலர்க்குழு நண்பர்கள் எழுதியபோது, பழைய விடுதி நாட்களைப் பற்றித்தான் எழுத நினைத்தேன். அதை என்னைவிடச் சுவையாக எழுத நம்மில் பலர் இருக்கிறார்கள். எனவே, சென்ற சந்திப்பில் ஒரு மாணவர் என்னிடம் கேட்ட கேள்விக்கு இங்கே பதில் எழுதுகிறேன். அன்று என்னால் நின்ற நிலையில் பதில் சொல்ல முடியவில்லை.

கூட்டம் முடிந்து காபி குடித்துக்கொண்டிருந்தோம். இறுதியாண்டு மாணவர். கச்சிராயபாளையம் என்று ஊர் பெயரைச் சொன்னதும் எனக்கு ஒட்டுதல் வந்துவிட்டது. அதுதான் என் ஊரும்.

"சார், சென்னையில ஒரு கம்பெனி பதினெட்டாயிரம் தர்றேங்குது. கள்ளக்குறிச்சியிலயே ஒரு எடத்துல பன்னெண்டாயிரம். எது சார் பெருசு?"

பக்கத்தில் நின்ற நண்பர், "இதுக்கு எக்கனாமிக்ஸ் எதுக்குப்பா? பதினெட்டுதான் பெருசு" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதே கேள்வியை நானும் ஒரு காலத்தில் கேட்டு, பதில் தெரியாமலேயே பஸ் ஏறியவன். அதன்பின் சென்னை, கோவை, சேலம் என்று மூன்று ஊர்களில் குடித்தனம் நடத்தி, மறுபடி ஊர் வந்து சேர்ந்தேன். கேள்வி சின்னது. ஆனால் அரசாங்கமும் பல்கலைக்கழகமும் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இதற்குப் பதில் தேடி வந்திருக்கின்றன. அந்த வரலாற்றைக் கொஞ்சம் பார்ப்போம்.

உப்புக்கு மேலே விலை

எங்கள் ஊரை அறியாத நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. கள்ளக்குறிச்சியிலிருந்து சுமார் பதினைந்து கிலோமீட்டர் மேற்கே, கல்வராயன் மலையின் அடிவாரத்தில் இருப்பது கச்சிராயபாளையம். 1960களில் கட்டிய கோமுகி அணையும், கூட்டுறவு சர்க்கரை ஆலையும் ஊரின் அடையாளங்கள். வெள்ளிமலைக்கு ஏறும் பாதை இங்கிருந்துதான் போகிறது. என் அப்பா அங்கே ஒரு சிறிய மளிகைக் கடை வைத்திருந்தார்.

மலையிலிருந்து இறங்குபவர்கள் சாமை, புளி, கடுக்காய், தேன் என்று கொண்டுவருவார்கள். "வாங்க கவுண்டரே" என்று அப்பா எழுந்து நின்று கூப்பிடுவார். அவர்கள் திரும்பும்போது உப்பு, துணி, மண்ணெண்ணெய் என்று தலைச்சுமையாகப் போகும். பள்ளிக்கூடம் விட்டு வந்து கல்லாவில் உட்காரும் நான் ஒருநாள் அப்பாவிடம், "மலைமேல எல்லாமே சீப்பா இருக்குமாப்பா?" என்று கேட்டேன். அவர் சொன்ன பதிலை எந்தப் பாடப் புத்தகத்திலும் நான் பிறகு படிக்கவில்லை. "உப்புக்கு மேல வெலை, சாமைக்குக் கீழ வெலைடா. எது எந்தப் பக்கமா நடக்குதோ, அந்தப் பக்கம் போகப் போக வெலை ஏறும்."

ஒரு ஊர் மலிவு, ஒரு ஊர் விலை அதிகம் என்று மொத்தமாகச் சொல்ல முடியாது என்பதை அன்றே அப்பா சொல்லிவிட்டார். எனக்குப் புரியத்தான் நாற்பது வருடம் ஆயிற்று.

அந்தக் காலத்து விலைப் பேச்சே வேறு. இன்று "ஒரு கிலோ எத்தனை ரூபாய்?" என்று கேட்கிறோம். அன்று "ரூபாய்க்கு எத்தனை படி?" என்று கேட்டார்கள். வெள்ளைக்காரன் காலத்து மாவட்ட விலை அட்டவணைகளும் ரூபாய்க்கு இத்தனை சேர் என்றுதான் அச்சிடப்பட்டன. ரூபாய் அசையாமல் நிற்கும், படி குறையும். விலைவாசி ஏறியது என்பதைவிட, படி சுருங்கியது என்றால்தான் வயிற்றுக்குப் புரியும் போலிருக்கிறது.

மாணவர்கள் எடுத்த கணக்கு

1915-ல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு இந்தியப் பொருளாதாரத்தின் முதல் பேராசிரியராக கில்பர்ட் ஸ்லேட்டர் வந்தார். அதற்கு முன் ஆக்ஸ்போர்டில் ரஸ்கின் கல்லூரி முதல்வராக இருந்தவர். ஊருக்குப் புதியவரான அவர் ஒரு நல்ல வேலை செய்தார். மாணவர்கள் கையில் ஒரு கேள்விப் பட்டியலைக் கொடுத்து, "உங்கள் உங்கள் கிராமத்துக்குப் போய் எழுதி வாருங்கள்" என்று அனுப்பினார். நிலம் எவ்வளவு, கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு, ஒரு குடும்பம் என்ன சாப்பிடுகிறது என்று அவர்கள் எழுதிவந்தவை 1918-ல் புத்தகமாக வெளிவந்தன.

அந்தக் கிராமங்களில் ஒன்று நம் பழைய தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. திருவெண்ணெய்நல்லூர் பக்கத்து இருவேல்பட்டு. 1936-37-ல் பேராசிரியர் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் ஸ்லேட்டரின் கிராமங்களை மறுபடி ஆய்வு செய்தார்கள். அந்த நூல் 1940-ல் வந்தது. அதன்பின் 1960களிலும், 1980களிலும், 2008-லும் ஆய்வாளர்கள் இருவேல்பட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தார்கள். ஒரே ஊரின் வாழ்க்கையை ஏறக்குறைய நூறு ஆண்டுகள் தொடர்ந்து அளந்து பார்த்த இடங்கள் உலகத்திலேயே சொற்பம். அதைத் தொடங்கி வைத்தவர்கள் விடுமுறைக்கு வீட்டுக்குப் போன கல்லூரி மாணவர்கள். நம் மாணவச் செல்வங்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். கடைசியில் இதற்குத் திரும்பி வருவேன்.

கதவு நிலையில் போட்ட கோடு

கிராமத்தை மாணவர்கள் அளந்தார்கள் என்றால், நகரத்தை அளக்க வைத்தது தொழிலாளியின் சம்பளம். 1935-36-ல் சென்னை நகரத் தொழிலாளர் குடும்பங்களின் வரவு செலவு எடுக்கப்பட்டது. அந்த ஆண்டை 100 என்று வைத்து வாழ்க்கைச் செலவுக் குறியீட்டெண் கணக்கிடப்பட்டது. ஆலைத் தொழிலாளிகளின் பஞ்சப்படி அந்த எண்ணோடு கட்டப்பட்டது. இன்றைய அரசாணைகளில் 'அகவிலைப்படி' என்று வந்தாலும், நம் வீடுகளில் அது 'பஞ்சப்படி'தான். பஞ்ச காலத்து ஞாபகம் அந்தச் சொல்லில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சுதந்திரத்துக்குப் பின் மத்திய அரசின் தொழிலாளர் துறைப் புள்ளியியல் அலுவலகம் நாடு முழுவதும் இந்த வேலையை எடுத்துக்கொண்டது. 1960, 1982, 2001, 2016 என்று அடிப்படை ஆண்டு மாறி மாறி வந்திருக்கிறது. 1982 வரிசையில் இந்தியா முழுவதும் 70 மையங்கள். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, சேலம், திருச்சி, குன்னூர். கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் எதுவும் இல்லை. நமக்குக் கிட்ட இருந்தது சேலம்தான்.

இங்கேதான் படித்தவர்களும் ஏமாறுகிறார்கள். நான் கோவையில் இருந்தபோது, செய்தித்தாளில் கோவைக் குறியீடு சென்னையைவிட அதிகம் என்று போட்டிருந்தால், "பாத்தீங்களா, சென்னையவிட நம்ம ஊருதான் காஸ்ட்லி" என்று அலுவலகத்தில் ஒரு பேச்சு கிளம்பும். அது தவறு. ஒவ்வொரு ஊரும் அடிப்படை ஆண்டில் 100. அந்த 100 சென்னையில் வேறு தொகை, கோவையில் வேறு தொகை. ஒரு வீட்டில் இரண்டு பிள்ளைகளைக் கதவு நிலையில் நிறுத்திக் கோடு போடுகிறோம். அடுத்த வருடம் பெரியவன் இரண்டு விரற்கடை, சின்னவன் நான்கு விரற்கடை வளர்ந்திருப்பான். அதற்காகச் சின்னவன்தான் உயரம் என்று சொல்வோமா? குறியீட்டெண் ஒரு ஊர் தன்னைவிடத் தான் எவ்வளவு வளர்ந்தது என்று சொல்லும். பக்கத்து ஊரைவிட உயரமா குட்டையா என்று சொல்லாது.

தலையை எண்ணிக் கொடுத்த படி

அப்படியானால் சென்னையில் இருப்பவருக்கு வீட்டு வாடகைப்படி அதிகம், சின்ன ஊரில் இருப்பவருக்குக் குறைவு என்று அரசாங்கம் எதை வைத்து முடிவு செய்கிறது? மக்கள்தொகையை வைத்துத்தான். மத்திய அரசு ஊழியர்களுக்கு முன்பு ஏ-1, ஏ, பி-1, பி-2, சி என்று நகரங்களைப் பிரித்திருந்தார்கள். ஆறாவது ஊதியக் குழுவுக்குப் பின் 2008-லிருந்து எக்ஸ், ஒய், இசட் என்று மூன்றாயிற்று. ஐம்பது லட்சத்துக்கு மேல் எக்ஸ். ஐந்து லட்சத்திலிருந்து ஐம்பது லட்சம் வரை ஒய். மீதி எல்லாம் இசட். சென்னை எக்ஸ். கோவை, மதுரை, சேலம், திருச்சி ஆகியவை ஒய். நம் கள்ளக்குறிச்சி இசட். 2017 ஜூலையில் ஏழாவது ஊதியக் குழு அமலானபோது அடிப்படைச் சம்பளத்தில் முறையே 24, 16, 8 சதவீதம். விலையை அளக்கவில்லை, தலையை எண்ணினார்கள். ஆள் நெருக்கம் கூடினால் வாடகை ஏறும் என்பது பொதுவில் உண்மைதான். ஆனால் கள்ளக்குறிச்சி மாவட்டத் தலைநகரானது 2019 நவம்பர் 26 அன்று. ஆட்சியர் அலுவலகமும் அதைச் சுற்றிய அலுவலகங்களும் வந்தபின், அங்கே வாடகைக்கு வீடு தேடியவர்களைக் கேளுங்கள், வாடகை ஏற ஐந்து லட்சம் பேர் தேவையா என்று.

கிராமத்து வாடகைக் கதை இன்னும் வேடிக்கை. 2012-ஐ அடிப்படையாகக் கொண்ட நுகர்வோர் விலைக் குறியீட்டில், நகரப் பகுதிக்கு வீட்டு வசதியின் பங்கு 21.67 சதவீதம். கிராமப் பகுதிக்கு? பூஜ்யம். கிராமத்தில் எல்லோருக்கும் சொந்த வீடு, வாடகை என்பதே இல்லை என்ற எண்ணத்தில் போட்ட கணக்கு. அதற்கு எதிர்ப்புறம், உணவின் பங்கு நகரத்தில் 36.29, கிராமத்தில் 54.18. அரிசியும் பருப்பும் எண்ணெயும் ஏறும்போது சென்னைக்காரருக்கு வலிப்பதைவிட நம் ஊர்க்காரருக்கு அதிகம் வலிக்கும் என்பது இந்த இரண்டு எண்களில் இருக்கிறது.

ஒரே விலை

மாநிலம் முழுவதும் ஒரே விலையில் கிடைக்கும் சரக்கு ஏதாவது உண்டா? உண்டு. ரேஷன் கடை. ஆனால் அந்த நிலை வர நெடுங்காலம் ஆயிற்று. 1967-ல் அண்ணா முதலமைச்சர் ஆனதும், ரூபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டம் மே 15 அன்று தொடங்கப்பட்டது. எங்கே தெரியுமா? சென்னையிலும் கோவையிலும் மட்டும். நிதி நிலைமை அதற்குமேல் இடம் கொடுக்கவில்லை. அந்த ஆண்டில் நெல் விளைகிற கிராமத்தைவிட, நெல் விளையாத நகரத்தில் ஏழைக்கு அரிசி மலிவு! 1972-ல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் தொடங்கப்பட்டு, ரேஷன் கிராமங்கள் வரை பரவியது. 2008 செப்டம்பரில் கிலோ ஒரு ரூபாய். 2011 ஜூன் 1 முதல் விலையில்லா அரிசி. சென்னைக்கும் வெள்ளிமலைக்கும் அரிசியில் வித்தியாசம் இல்லாமல் போயிற்று.

கூலியிலும் ஒரே விலை வந்தது. 2006 பிப்ரவரியில் ஊரக வேலை உறுதித் திட்டம் தொடங்கியபோது, முதல் கட்ட மாவட்டங்களில் நாம் அன்று சேர்ந்திருந்த விழுப்புரம் மாவட்டமும் ஒன்று. அன்று கூலி 80 ரூபாய். 2025-26-ல் 336 ரூபாய். மாநிலம் முழுமைக்கும் ஒரே தொகைதான். சென்னையை ஒட்டிய ஊராட்சிக்கும் அதுவே, கல்வராயன் மலைக்கும் அதுவே.

இவற்றின் பலன் புள்ளிவிவரத்திலும் தெரிகிறது. டெண்டுல்கர் குழுவின் முறைப்படி 2011-12-க்குத் திட்டக்குழு போட்ட வறுமைக் கோடு, அகில இந்திய அளவில் ஆளுக்கு மாதம் கிராமத்தில் 816 ரூபாய், நகரத்தில் 1,000 ரூபாய். இடைவெளி 184 ரூபாய். தமிழ்நாட்டில் கிராமம் 880, நகரம் 937. இடைவெளி 57 ரூபாய்தான். இந்தத் தொகையில் ஒருவர் வாழ முடியுமா என்று அன்று நாடே சண்டை போட்டது. அந்தச் சண்டை நியாயமானதே. நான் பார்க்கச் சொல்வது இடைவெளியை. ரோடும் பஸ்ஸும் எல்லா ஊருக்கும் போய்ச் சேர்ந்த மாநிலத்தில், கிராமத்து விலையும் நகரத்து விலையும் கிட்டத்தட்டக் கை கோத்துவிட்டன. "கிராமம்னா எல்லாம் சீப்புப்பா" என்று சொல்பவர்கள் பழைய கணக்கைச் சொல்கிறார்கள்.

ஆனால் விலை ஒன்றானாலும் கையில் இருப்பது ஒன்றாகவில்லை. 2022-23 குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் ஒருவர் மாதம் செலவழித்தது கிராமத்தில் சராசரி 5,310 ரூபாய், நகரத்தில் 7,630 ரூபாய். அகில இந்தியக் கிராமச் சராசரி 3,773. நம் கிராமங்கள் மற்ற மாநிலக் கிராமங்களைவிட நன்றாக இருக்கின்றன என்று மகிழலாம். ஆனாலும் நகரத்துக்காரர் நம்மைவிட 2,320 ரூபாய் அதிகம் செலவழிக்கிறார். அதில் விலை அதிகம் என்பதற்காகக் கொடுப்பது கொஞ்சம், வாழ்க்கை வசதி என்பதற்காகக் கொடுப்பது மீதி. இரண்டையும் சேர்த்து 'நகரத்துச் செலவு' என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம்.

எந்த எண்ணிலும் ஏறாத செலவு

நான் மறக்க முடியாத ஒரு செலவு எந்தக் குறியீட்டிலும் இல்லை. அதன் பெயர் தூரம்.

நான் சிறுவனாக இருந்தபோது மாவட்டத் தலைநகரம் கடலூர். கச்சிராயபாளையத்திலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல். கலெக்டரிடம் ஒரு மனு கொடுக்க விடியற்காலை கிளம்ப வேண்டும். அப்பா ஒருமுறை கடை உரிம விஷயமாகப் போய், அதிகாரி கேம்ப் போயிருக்கிறார் என்று திரும்பி வந்தார். அடுத்த வாரம் மறுபடி போனார். இரண்டு நாள் கடை அடைப்பு, இரண்டு பஸ் கூலி, இரண்டு ஓட்டல் சாப்பாடு. மனுவுக்கு ஒட்டிய முத்திரை வில்லைதான் அதில் மிகக் குறைந்த செலவு.

1993 செப்டம்பர் 30-ல் விழுப்புரம் தனி மாவட்டமானது. தூரம் கொஞ்சம் குறைந்தது. 2019-ல் கள்ளக்குறிச்சி. இப்போது டவுன் பஸ்ஸில் போய் மனு கொடுத்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு வந்துவிடலாம். வைத்தியமும் அப்படித்தான். பெரிய வியாதி என்றால் பாண்டிச்சேரி ஜிப்மர், இல்லாவிட்டால் சேலம். கூட இருப்பவரின் கூலி போகும், தங்க இடமும் இருக்காது. 2022 ஜனவரியில் கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டபோது, அடிவாரத்து மக்களுக்கு விலைவாசியே ஒரு படி இறங்கியது என்றால் மிகையாகாது. ஆனால் எந்தக் கணக்கெடுப்பாளரின் தாளிலும் அது விலை குறைந்ததாகப் பதிவாகியிருக்காது.

1976-ல் அரசு எடுத்துக்கொள்ளும் வரை ஜாகீர்தார்கள் கையில் இருந்த கல்வராயன் மலையில், இந்தத் தூரச் செலவு இன்னும் முழுதாகத் தீரவில்லை. அரிசி இலவசம்தான். அதை வாங்கி வர நடக்கும் நடைக்கும், அன்றைக்குப் போகும் கூலிக்கும் விலை உண்டு.

மாணவருக்குப் பதில்

சரி, பதினெட்டா பன்னிரண்டா?

தம்பி, முதலில் தாளை எடுத்து இரண்டு பத்தி போடுங்கள். சென்னைப் பத்தியில் அறை வாடகைப் பங்கு, மெஸ், மின்சார ரயில் அல்லது பஸ், மாதம் ஒருமுறை ஊர் வந்து போகும் செலவு. கள்ளக்குறிச்சிப் பத்தியில் தினசரி பஸ், மத்தியானச் சாப்பாடு, வீட்டுக்குக் கொடுப்பது. கழித்துவிட்டு மிஞ்சுவதைப் பாருங்கள். பல பேருக்கு மிச்சம் சமமாக வரும், சிலருக்குக் கள்ளக்குறிச்சியே கூட வரும். அதன்பின் ஐந்து வருடத்தில் எந்த வேலை எங்கே கொண்டு போகும் என்று கேளுங்கள். சென்னை கேட்கும் அதிகச் செலவில் ஒரு பங்கு, அங்கே கற்றுக்கொள்ளக் கொடுக்கும் கட்டணம் மாதிரி. கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லாத வேலை என்றால் அந்தக் கட்டணத்தைக் கட்ட வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக அப்பாவின் உப்பும் சாமையும். ரூபாயும் ஒரு சரக்குதான். அது எந்தப் பக்கமாக நடக்கிறது என்று பாருங்கள். சென்னையில் மிச்சம் பிடித்த ஆயிரம் ரூபாய் கச்சிராயபாளையம் வந்து சேரும்போது கொஞ்சம் பெரிதாகி வருகிறது. நான் அனுப்பிய பணத்தில்தான் எங்கள் வீட்டுக் கூரை ஓடாயிற்று. அதே ஆயிரத்தைக் கரும்பு வெட்டிய கூலியிலிருந்து எடுத்து, சென்னையில் படிக்கும் பிள்ளைக்கு ஒரு தகப்பன் அனுப்பும்போது, அது வழியிலேயே இளைத்துவிடுகிறது.

இதை நம் சங்கத்துக்கும் சொல்கிறேன். நாம் ஆண்டுதோறும் தரும் கல்வி உதவித்தொகை எல்லோருக்கும் ஒரே தொகை. நியாயம் போலத் தெரிகிறது. ஆனால் வீட்டிலிருந்து நடந்து வரும் மாணவிக்கும், வெள்ளிமலையிலிருந்து இரண்டு பஸ் மாறி வரும் மாணவிக்கும், இங்கே முடித்துவிட்டு மேல்படிப்புக்குச் சென்னை போகும் மாணவருக்கும் அது ஒரே உதவி அல்ல. தலையை எண்ணிக் கொடுத்த அரசாங்கத்தைக் குறை சொன்ன நான், நாமும் அதையே செய்வதைச் சொல்லாமல் விட முடியாது. உதவித்தொகைக்கு மேல் 'தூரப்படி' என்று ஒன்றைச் சேர்க்கப் பொதுக்குழு யோசிக்க வேண்டும்.

எவ்வளவு என்று எப்படி முடிவு செய்வது? அதற்குத்தான் ஸ்லேட்டரின் மாணவர்களை நினைவூட்டினேன். நம் முன்னாள் மாணவர்கள் சென்னையிலும் கோவையிலும் திருப்பூரிலும் இருக்கிறார்கள். கள்ளக்குறிச்சியிலும் மலைமேலும் இருக்கிறார்கள். இந்த வசதி எந்தப் புள்ளியியல் அலுவலகத்துக்கும் இல்லை. அரிசி, துவரம்பருப்பு, கடலை எண்ணெய், பால், சிலிண்டர், ஒற்றை அறை வாடகை, மெஸ் சாப்பாடு, முடிவெட்டு, கல்லூரிக்கு வர ஒரு நாள் பஸ் செலவு என்று முப்பது பொருள். ஆண்டுக்கு ஒருமுறை, தை மாதம் ஒரே வாரத்தில், எல்லா ஊரிலும் விலை எழுதி அனுப்புவோம். பொருளாதாரத் துறை மாணவர்கள் கூட்டிப் பார்த்து அடுத்த மலரில் ஒரு பக்கம் போடட்டும்.

கச்சிராயபாளையத்துக்கு நான் எழுதி அனுப்புகிறேன். அப்பாவின் கடை இருந்த இடத்தில் இப்போது வேறொருவர் கடை வைத்திருக்கிறார். விலை கேட்டால் சொல்வார், நல்ல மனிதர். வெள்ளிமலைக்கு யார் பொறுப்பு என்பதை வரும் சந்திப்பில் முடிவு செய்வோம். கேள்வி கேட்ட தம்பியும் அவசியம் வர வேண்டும்.